கேளுங்கள், சொல்கிறேன்: ஒரு தோட்டத்துக்கு எத்தனை படிப்பு?

கேள்வி: தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்த என் பேத்தி முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருக்கிறாள். தோட்டத் தொழிலாளரும் காய்ச்சலும் பற்றி ஆராய்கிறாள். வரலாறு, மானுடவியல், பொதுச் சுகாதாரம் மூன்றும் கலந்ததாம். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று ஆகிவிடாதா?
– ஒரு பாட்டி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: நானும் உங்கள் ஊர் லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், வளர்ந்தவன்தான், அம்மா. அவள் எடுத்த விஷயமே ஒரு படிப்புக்குள் அடங்காது. 1901இல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பை வடித்து மலேரியாவைக் குறைத்தார். கடலோரத் தோட்டங்களிலும் காட்டை வெட்டி வடிகால் போட்டதில் பலன் கிடைத்தது. மலைப்பக்கத்தில் அதையே செய்தபோது காய்ச்சல் ஏறியது! அங்கே இருந்தது வேறு கொசு. வெயில் படும் தெளிந்த ஓடைதான் அதற்குப் பிடிக்கும். நிழலை வெட்டிக் கித்தா (ரப்பர்) நட்டவர்களே அதற்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள்.

இதுவரை கொசு படித்தவர் சொல்வார். ஓடைக்குப் பக்கத்திலேயே லயம் கட்டியது ஏன் என்று கேட்டால், தோட்டத்தின் பழைய கணக்கேடுகளைப் புரட்ட வேண்டும். ஆள் சேர்க்கும் கங்காணி கப்பலேற்றிக் கொண்டுவந்த ஆள் எந்த உடம்போடு வந்து இறங்கினான் என்பது வரலாறு. காய்ச்சல்காரர் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் முனியாண்டிக்கு நேர்ந்துகொண்டு படுத்திருந்தால், அதன் காரணத்தை அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசித்தான் அறிய முடியும், அது மானுடவியல்.

ஆனாலும் உங்கள் கவலை நியாயமானது. மூன்றையும் நுனிப்புல் மேய்ந்த ஆய்வேடுகளை நான் பார்த்திருக்கிறேன், இரண்டாம் பக்கத்தில் தூக்கம் வந்துவிடும். முதலில் ஒரு துறையின் முறையை ஆழமாகப் பிடிக்கட்டும். மற்ற இரண்டுக்கும் அந்தத் துறை ஆட்களிடம் திட்டு வாங்கிக் கற்றுக்கொள்ளட்டும்.

கேள்வி: வெளிநாட்டுப் பேராசிரியர்களுக்கு நம் வாழ்க்கை புரியுமா?
– வாசகர், கோலகங்சார்

பதில்: உட்கார்ந்து பார்த்தால் புரியும். அமெரிக்காவின் ஜேம்ஸ் ஸ்காட் அரசியல் அறிவியல்காரர். 1978இல் கெடா நெல் வயல் கிராமம் ஒன்றுக்குப் போய் மானுடவியலாளர் மாதிரி தங்கினார். அறுவடை இயந்திரம் வந்து கூலி போன ஏழைகள் கொடி பிடிக்கவில்லை. புறம் பேசினார்கள், வேலையை இழுத்தடித்தார்கள். அதுவும் எதிர்ப்புதான் என்று 1985இல் எழுதினார். எங்கள் லயத்தில் தோட்ட மேலாளரான துரைக்கும், எழுத்தரான பெரிய கிராணிக்கும் பட்டப்பெயர் உண்டு, இங்கே அச்சிட முடியாது. ஸ்காட்டைப் படித்தபோது அவைதான் நினைவுக்கு வந்தன.

ஆபத்து நம் பக்கமும் உண்டு. நம் நாட்டுச் சமூகவியலாளர் சையது உசேன் அலாத்தாஸ் 1972இல், யுனெஸ்கோவின் சமூக அறிவியல் இதழில், 'சிறைப்பட்ட மனம்' பற்றி எழுதினார். மேற்கிலிருந்து வந்த கோட்பாட்டை உரசிப் பார்க்காமல் நம் ஊர்மேல் போர்த்தும் உள்ளூர்ப் படிப்பாளியைத்தான் சாடினார். மேற்கத்திய அறிவே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. நம்மவர் பலர் அப்படி எடுத்துக்கொண்டு சோம்பேறியாகிவிட்டார்கள்.

கேள்வி: பேத்தி அடுத்த மாதம் தோட்டத்தில் பேட்டி எடுக்கப்போகிறாள். என்ன சொல்லி அனுப்பட்டும்?
– மீண்டும் அதே பாட்டி

பதில்: காலையில் போகவேண்டாம், செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை வெட்டும் நேரம். மாலையில் போகட்டும். நம் ஆட்களில் நிறையப் பேர் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டார்கள், பழைய கதைக்கு அங்கேதான் தேடவேண்டும். இன்று தோட்டத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர். மலாய் அவளுக்கு வரும். அப்புறம், வங்காள மொழி பேசத் தெரிந்த ஒரு தோழியையும் கூட்டிப்போகச் சொல்லுங்கள்.