முழங்கால்ல நிக்கும்போதே தூக்கம் வருதுன்னு எழுதின தங்கச்சிக்கு

கேள்வி: ரெண்டு வருஷமா குடிக்கு அடிமையான என் தம்பிக்காக ஜெபிக்கிறேன். ஒரு மாற்றமும் இல்ல. ஜெபக்குழுவுல "நீ யுத்த ஜெபம் பண்ணல, சாத்தானை அதட்டணும்"னு சொல்றாங்க. எனக்கு சத்தம் போட்டு ஜெபிக்க வரல. முழங்கால் போட்டா தூக்கம் வருது, இல்லன்னா அவன் பேசின பேச்சு ஞாபகம் வந்து கோபம் வருது. என் விசுவாசம் குறைஞ்சு போச்சா அக்கா?

பதில்: தங்கச்சி, விசுவாசம் இல்லாதவ ரெண்டு வருஷம் முழங்கால்ல நிக்க மாட்டா, அதை முதல்ல மனசுல வச்சுக்கோங்க.

யுத்த ஜெபம்னாலே சத்தம்னு எப்படியோ நமக்குள்ள பதிஞ்சு போச்சு. தானியேல் 10ம் அதிகாரத்தை ஒரு தடவை பொறுமையா வாசிங்க. மூணு வாரம் ருசியான சாப்பாடு இல்ல, இறைச்சி இல்ல, திராட்சரசம் இல்ல, துக்கத்தோட உக்காந்திருக்கார் மனுஷன், அந்த 21 நாளும் பெர்சியாவோட அதிபதிங்கிற தீய ஆவி தானியேல்கிட்ட வந்துட்டிருந்த தூதனை மறிச்சு நிக்கிறான், மிகாவேல்ங்கிற பிரதான தூதன் உதவிக்கு வர்றான், அவ்வளவு பெரிய யுத்தம் நடக்குது, ஆனா தானியேலுக்கு அது எதுவுமே தெரியாது! அந்த அதிபதிகிட்ட அவர் ஒரு வார்த்தை பேசினதா அந்த அதிகாரத்துல இல்ல. தேவனைப் பார்த்து உக்காந்திருந்தார், அவ்வளவுதான். தூதன் வந்து சொன்னது என்னன்னா, நீ மனசை வச்ச முதல் நாளே உன் வார்த்தை கேட்கப்பட்டதுன்னு. 21 நாள்னு படிச்சதும் அதை ஒரு கணக்கா பிடிச்சுக்காதீங்க, தாமதம் ஆனா கேட்கலன்னு அர்த்தம் இல்லன்னு மட்டும் எடுத்துக்கோங்க. பிள்ளைக்காக ஜெபிச்ச அன்னாளுக்கு உதடு மட்டும்தான் அசைஞ்சது, ஆசாரியன் ஏலிக்கே புரியல, குடிச்சிருக்கான்னு நினைச்சுட்டார். கர்த்தருக்குப் புரிஞ்சது.

தூக்கத்தைப் பத்தி குற்ற உணர்வே வேண்டாம். கெத்செமனேல சீஷர்கள் துக்கத்தினால தூங்கினாங்கன்னு லூக்கா எழுதியிருக்கார், கவனிச்சீங்களா, துக்கத்தினால. நீங்களும் அழுது அழுது ஓய்ஞ்சு போயிருக்கீங்க. ராத்திரி வேலையெல்லாம் முடிச்சிட்டு முழங்கால் போடாம, விடியற்காலைல பத்து நிமிஷம், நடந்துக்கிட்டே கூட ஜெபிங்க.

எனக்கு உங்க லெட்டர்ல ரொம்ப கவலையா இருந்தது அந்தக் கோபம்தான். நான் என் குடும்பத்துல ஒருத்தருக்காக பல வருஷம் ஜெபிச்சேன், ஒரு நாள் நோட்டுல எழுதி வச்சிருந்த ஜெபத்தைத் திரும்பப் படிச்சா, பாதிக்கு மேல அவர் மேல புகார். கர்த்தர்கிட்ட கோள் சொல்லிட்டு இருந்திருக்கேன். அன்னைக்கு அந்தப் பக்கத்தைக் கிழிச்சுட்டு அவர் பேரை மட்டும் எழுதி, அதுக்குக் கீழ "இவரை ஆசீர்வதியும்"னு எழுதினேன், கை நடுங்குச்சு, அந்த ஒரு வரி எழுத அரை மணி நேரம் ஆச்சு. எனக்கு யுத்தம்னா அதுதான். பவுல் "மாம்சத்தோடும் இரத்தத்தோடுமல்ல" நம்ம போராட்டம்னு எழுதினது சங்கிலியில கட்டப்பட்டிருந்தப்போ. தன்னைக் கட்டினவங்களை எதிரின்னு சொல்லல அவர். உங்க தம்பியும் எதிரி இல்லம்மா, அவன்தான் சிறைப்பட்டவன். சாத்தானை எதிர்க்கணும்தான், யாக்கோபு தன் நிருபத்துல சொன்ன வரிசையில, முதல்ல தேவனுக்குக் கீழ்ப்படிஞ்சு அப்புறம் எதிர்த்து நில்லுங்க. கசப்பை உள்ள வச்சுக்கிட்டு வெளிய அதட்டி என்ன பிரயோஜனம்?

குடி ஒரு நோயும் கூட. டாக்டர்கிட்ட, குடி மறுவாழ்வு மையத்துக்கு கூட்டிட்டுப் போறது அவிசுவாசம் இல்ல. அவன் கை நீட்டுற ஆளா இருந்தா நீங்க தள்ளி பாதுகாப்பா இருந்துக்கிட்டே ஜெபிக்கலாம்.

இன்னொன்னு, தனியா நிக்காதீங்க. ரெவிதீம்ல அமலேக்கியரோட யுத்தம் நடக்கும்போது கையைத் தூக்கிட்டு நின்ன மோசேக்கே கை கனத்துப் போச்சு, கல்லைப் போட்டு உக்கார வச்சு ஆரோனும் ஊர்ங்கிறவரும் ஆளுக்கொரு பக்கம் கையைத் தாங்கினாங்க, சூரியன் அஸ்தமிக்கிற வரைக்கும். ஏன் உன் கை இறங்குதுன்னு ரெண்டு பேரும் கேக்கல. குறை சொல்லாத ரெண்டு பேரைத் தேடுங்க, பெரிய குழு வேணாம்.

தம்பி பேரை நீங்க எழுதல, பரவாயில்ல. நாளைக்கு காலைல "ஒரு அக்காவோட தம்பி"ன்னு சொல்லி நானும் ஜெபிக்கிறேன், கர்த்தருக்குத் தெரியும் யாருன்னு.