எஸ்.பி. ரோடு பதில்கள்: பழசு ஓடுற வரைக்கும் ஓடட்டும்

இந்த தடவை வந்த கேள்வில நெறைய ஒரே விஷயத்தைச் சுத்திதான் இருக்கு. வீட்ல கெடக்கற பழைய மெஷினை என்ன பண்றது, நாளைக்கு சிப்பே கெடைக்கலன்னா என்ன பண்றதுன்னு. அதனால வைஃபை, மொபைல் ரீசார்ஜ் கேள்வி அனுப்பினவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்குங்க.

எங்க லேப்டாப் 2014ல வாங்கினது. விண்டோஸ் 10க்கு இனிமே அப்டேட் வராதுன்னு காட்டுது, 11 போட முடியாதுன்னும் சொல்லுது. கடையில கேட்டா புதுசு வாங்குங்க மேடம்ங்கறாங்க. பையனோட ப்ராஜெக்ட், பெஸ்காம் கரண்ட் பில் கட்டறது, யூடியூப், இவ்ளோதான் எங்க வேலை. நெஜமாவே இது செத்துடுச்சா?
- இல்லத்தரசி, மர்ஃபி டவுன்

சாகல மேடம், நல்லாத்தான் இருக்கு. மைக்ரோசாஃப்ட்காரங்க 2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10ஐ கை கழுவிட்டாங்க, 11க்கு டிபிஎம் 2.0ன்னு ஒரு பாதுகாப்பு சிப் வேணும், இன்டெல்னா எட்டாவது தலைமுறை ப்ராசஸராவது வேணும், உங்களது அனேகமா நாலாவது தலைமுறையா இருக்கும். அதாவது நேத்து வரைக்கும் ஓடின மெஷின் இன்னிக்கும் ஓடும், வழக்கமா வர்ற செக்யூரிட்டி அப்டேட் மட்டும்தான் வராது. ஆனா பேங்க் வேலை பாக்கற மெஷின்ல அது வராம இருக்கறது நல்லதில்ல, அதனால அப்படியே விட்டுடவும் வேண்டாம்.

மொதல்ல பின்பக்கத்தைக் கழட்டி சுத்தம் பண்ணச் சொல்லுங்க. பக்கத்துல நின்னு பாருங்க, ஃபேனுக்கும் அது ஊதற செம்புத் தகட்டுக்கும் நடுவுல பத்து வருஷத் தூசி அடைஞ்சு, எடுத்தா கம்பளித் துண்டு மாதிரி முழுசா உரிஞ்சு வரும். ப்ராசஸர் மேல தடவியிருந்த பேஸ்ட் காஞ்சு பொடியா உதிரும், அதைத் துடைச்சுட்டு புதுசு தடவணும். சூடாகி சூடாகி ஸ்லோ ஆகற லேப்டாப்புக்கு இதுலயே பாதி உயிர் வந்துடும். அப்புறம் உள்ள சுத்தற ஹார்ட் டிஸ்க் இருந்தா அதை எடுத்துட்டு 256 ஜிபி எஸ்எஸ்டி, அதாவது சுத்தற பாகமே இல்லாத டிஸ்க் போடுங்க, ஆன் ஆகற வேகத்தைப் பாத்து உங்க பையனே நம்ப மாட்டான். பேட்டரி உப்பியிருந்தா மட்டும் ஒரு நாள் கூட வச்சிருக்காதீங்க, ஒடனே கழட்டிடுங்க.

அதுக்கு மேல விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட்ங்கற இலவச ஓஎஸ் போடுங்க, எக்ஸ்எஃப்சிஇங்கற லேசான பதிப்பு. பாக்கறதுக்கு பழைய விண்டோஸ் மாதிரியேதான் இருக்கும், தமிழ்99 கீபோர்டுலயும் டைப் பண்ணலாம், தங்கிலீஷ்லயும் பண்ணலாம். டேலிங்கற கணக்கு சாஃப்ட்வேர் மட்டும் நேரடியா ஓடாது. வீட்டுக்காரர் கணக்கு எழுதறவரா இருந்தா, ஜிஎஸ்டிக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வச்சிருக்கறவரா இருந்தா, மாத்தறதுக்கு முன்னாடி அவரை ஒரு வார்த்தை கேட்டுடுங்க, இல்லன்னா எனக்குத்தான் திட்டு வரும்.

ஒரு லேப்டாப் அதோட ஆயுசு முழுக்க வெளிய விடற கார்பன்ல பெரிய பங்கு அதைத் தயாரிக்கும்போதே போயிடுது, அதனால இன்னும் அஞ்சு வருஷம் ஓட்டினீங்கன்னா அது வெறும் கஞ்சத்தனம் இல்ல.

சிப் கெடைக்காமப் போயிடும், கம்ப்யூட்டர் யுகம் முடிஞ்சுடும்னு ஒரு வீடியோ பாத்தேன். பயமுறுத்தறாங்களா, நெஜமா?
- ஆட்டோ ஓட்டுநர், ஸ்ரீராம்புரம்

முடிஞ்செல்லாம் போகாது அண்ணா. ஆனா அந்தச் சங்கிலி எவ்ளோ மெல்லிசுன்னு தெரிஞ்சா கொஞ்சம் வயித்தைக் கலக்கத்தான் செய்யும். சிப் செய்ய சுத்தத்துலயும் சுத்தமான தண்ணி ஏகத்துக்கு வேணும், 2021ல தைவான்ல ஐம்பது வருஷமா பாக்காத வறட்சி வந்தப்ப அடுத்தவங்களுக்கு சிப் செஞ்சு தர்றதுல உலகத்துலயே பெரிய கம்பெனியான டிஎஸ்எம்சி டேங்கர் லாரில தண்ணி எறக்குச்சு. 2024 மார்ச்ல போர்வெல் வத்திப் போயி நம்ம பெங்களூரே டேங்கர் பின்னாடி ஓடினது ஞாபகம் இருக்கில்ல, அதே கதைதான். 2022ல உக்ரைன்ல சண்டை ஆரம்பிச்சதும் மரியுபோல், ஒடெஸால இருந்த நியான் வாயு ஆலைங்க நின்னுடுச்சு, சிப்ல கோடு போடற லேசருக்கு வேண்டிய நியான்ல கிட்டத்தட்ட பாதி அங்கேருந்துதான் வந்துட்டிருந்துச்சு. 2024 செப்டம்பர்ல அமெரிக்காவுல ஹெலீன் புயல் அடிச்சு ஸ்ப்ரூஸ் பைன்ங்கற சின்ன ஊர்ல குவார்ட்ஸ் சுரங்கம் மூடிக் கெடந்துச்சு, சிப்புக்கான சிலிக்கானை உருக்கற பாத்திரத்துக்கு பெரும்பாலும் அந்த ஊர் குவார்ட்ஸ்தான் போகுது. 2025 கடைசில ராம் விலை எகிறினதுக்கு வறட்சியும் இல்ல புயலும் இல்ல, ஏஐ டேட்டா சென்டருக்கு மெமரி கம்பெனிங்க சரக்கைத் திருப்பி விட்டதுதான்.

உலகம் அழியப் போற மாதிரி பேசறவங்க மேல எனக்கு நம்பிக்கை கம்மி. ஆனா "புதுசு எப்பவும் சல்லிசா கெடைச்சுக்கிட்டே இருக்கும்"னு நெனச்சு இருக்கறதை ஒடைச்சுப் போடறவங்க மேல அதைவிடக் கம்மி.

காலேஜ் லேப்ல 8085ங்கற பழைய இன்டெல் சிப் வச்ச கிட் பண்றோம், எல்லாரும் இதெல்லாம் வேஸ்ட்னு சொல்றாங்க. ஆனா கொலாப்ஸ் ஓஎஸ்னு ஒண்ணு படிச்சேன், அது இதே மாதிரி பழைய சிப்ல ஓடுதாமே. அது என்ன சார்?
- எலெக்ட்ரானிக்ஸ் மாணவர், கே.ஆர். புரம்

வேஸ்ட்னு சொல்றவங்களை விடு தம்பி. விர்ஜில் டுப்ரான்னு ஒரு ப்ரோக்ராமர் 2019ல வெளிய விட்டது அது. அவரோட யோசனை என்னன்னா, புது சிப் வர்றது நின்னு போச்சுன்னு வச்சுக்க, குப்பையில கெடக்கற பொருள்லேருந்து சிப்பைப் பிடுங்கி, கையால வயரிங் பண்ணி, அதுல ஓடற ஒரு சிஸ்டம் வேணும். அந்த சிஸ்டமே தன்னைத் தானே திரும்ப உருவாக்கிக்கவும் தெரிஞ்சிருக்கணும், பெரிய கம்ப்யூட்டரோட தயவு இருக்கக் கூடாது. அதுக்கு அவர் மொதல்ல எடுத்துக்கிட்டது ஜைலாக் கம்பெனியோட இசட்80, 1976ல வந்தது. சிஸ்டத்தை எழுதியிருக்கறது ஃபோர்த்ங்கற மொழியில, சார்லஸ் மூர் உண்டாக்கினது, ரொம்பக் குட்டியா அடங்கும்.

இப்ப உன் கிட்டுக்கு வருவோம். இசட்80ஐ டிசைன் பண்ணின ஃபெடரிகோ ஃபாஜின் இன்டெல்லேருந்து பிரிஞ்சு போனவர், இன்டெல் 8080க்கு எழுதின ப்ரோக்ராம் இதுலயும் ஓடற மாதிரிதான் அமைச்சாரு. உன் 8085ஓட அப்பனும் அதே 8080தான். நீ லேப்ல ஹெக்ஸ் கீபேடுல 3ஈ தட்டி அடுத்து ஒரு எண் தட்டறே இல்ல, சிப் கணக்குப் போடற இடமான அக்யுமுலேட்டருக்குள்ள அந்த எண் போகுது, அதே 3ஈ இசட்80லயும் அதே வேலையைத்தான் செய்யும். 76 தட்டினா ரெண்டும் நிக்கும். அந்தக் கிட்டுல நீ போடற ஒவ்வொரு பைட்டும் எங்க போய் உக்காருதுன்னு உனக்குத் தெரியும், உன் லேப்டாப்புல அப்படி ஒரு பைட்டைக் காட்டு பாப்போம். இன்னொண்ணு, 48 வருஷம் வித்துட்டு 2024ல இசட்80 தனி சிப்புக்கு கடைசி ஆர்டர் வாங்கிட்டு நிறுத்திட்டாங்க, எஸ்.பி. ரோடு எலெக்ட்ரானிக்ஸ் கடைங்கள்ல எங்கயாவது பழைய போர்டுல பாத்தா விடாதே.

8 ஜிபி ராம்லயே க்ரோம் திணறுது, இந்தப் பழைய சிப் ஆளுங்க என்னடான்னா 64 கேபில வாழலாம்ங்கறாங்க. இதெல்லாம் வசதியானவங்க ஹாபி, ஒத்துக்குங்க.
- ஐடி ஊழியர், ஒயிட்ஃபீல்டு

கொஞ்சம் ஒத்துக்கறேன் பாஸ், உலகம் கவிழ்ந்த அன்னிக்கு மக்கள் மொதல்ல தேடப் போறது அரிசியும் மருந்தும்தான், ஓஎஸ் இல்ல. ஆனா முழுசா ஹாபின்னு தள்ள முடியாது. ஹண்ட்ரட் ராபிட்ஸ்ங்கற பேர்ல ஒரு ஜோடி பாய்மரப் படகுல வாழ்ந்துக்கிட்டு சாஃப்ட்வேர் எழுதறாங்க, கரண்ட் சோலார்லேருந்து, நெட் கரை வந்தாத்தான். ஜிபி கணக்குல அப்டேட் எறக்கச் சொல்ற டூலெல்லாம் நடுக்கடல்ல உதவாதுன்னு பட்டுத் தெரிஞ்சுக்கிட்டு, 2021ல உக்ஸன்னு, நெஜ மெஷினுக்குள்ள சாஃப்ட்வேராவே ஓடற ஒரு கற்பனைக் கம்ப்யூட்டரை அமைச்சாங்க, மெமரி 64 கேபிதான். அதுக்கு எழுதின ப்ரோக்ராம் லினக்ஸ்லயும் ஓடும், பழைய நின்டெண்டோ டிஎஸ் விளையாட்டுப் பொட்டிலயும் ஓடும். இந்த மாதிரி முயற்சிக்கெல்லாம் பெர்மாகம்ப்யூட்டிங்னு பேர் வச்சது பின்லாந்துக்காரர் ஒருத்தர், விஸ்நட்ங்கற பேர்ல எழுதுவாரு, 2020ல.

ஹாபி இல்லாத உதாரணம் வேணும்னா நாசாவோட வாயேஜர் விண்கலம். 1977ல விட்டது, கம்ப்யூட்டர் மெமரி எல்லாம் சேத்து எழுபது கேபிக்குள்ள. 2023 நவம்பர்ல வாயேஜர் 1 திடீர்னு உளற ஆரம்பிச்சுது, பாத்தா ஒரு மெமரி சிப் போயிருக்கு. 2400 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கறதுக்கு ஸ்பேர் பார்ட் அனுப்ப முடியுமா? சிக்னல் போயிச் சேரவே இருபத்திரண்டரை மணி நேரம், பதில் வர அதே நேரம். நாசா ஆளுங்க கெட்டுப் போன இடத்துல இருந்த ப்ரோக்ராமைத் துண்டு துண்டா வெட்டி, மெமரில எங்கெங்க சந்து இருக்கோ அங்கங்க சொருகி, ஒண்ணோட ஒண்ணு சேர்ற மாதிரி முகவரியெல்லாம் திருத்தி அனுப்பினாங்க, 2024 ஏப்ரல்ல அது திரும்ப ஒழுங்கா பேசுச்சு. ஒரு மனுஷன் உக்காந்து முழுசா படிச்சுப் புரிஞ்சுக்கற சைஸ்ல ப்ரோக்ராம் இருந்ததாலதான் இது நடந்துச்சு. உங்க க்ரோமை யார் முழுசா படிச்சிருக்கா?

பையன் ஒன்றரை லட்சத்துக்கு கேமிங் பிசி கேக்கறான். நீடிச்சு உழைக்குமா?
- ஒரு அப்பா, அல்சூர்

பிசி உழைக்கும். பையன் ஆசை ரெண்டு வருஷம் தாங்கினா பெருசு.

நம்ம பெங்களூர்லயே ஏழைகளுக்கான கம்ப்யூட்டர் ஒண்ணு செஞ்சாங்களே, அது என்ன ஆச்சு?
- ஓய்வு பெற்ற பிஇஎல் ஊழியர், ஜாலஹள்ளி

சிம்ப்யூட்டர்ங்கற கையடக்கக் கம்ப்யூட்டர் சார், உங்க பிஇஎல்லயே தயாரிச்சது, உங்களுக்கு என்னைவிட நல்லாத் தெரியும், சும்மா ஆழம் பாக்கறீங்க. ஐஐஎஸ்சி பேராசிரியர்களும் என்கோர் சாஃப்ட்வேர்காரங்களும் சேந்து டிசைன் பண்ணினது, லினக்ஸ்ல ஓடும், சின்ன பேட்டரி போட்டுக்கலாம், ஸ்மார்ட் கார்டு சொருகினா ஊரே ஒரே மெஷினை மாத்தி மாத்தி வச்சுக்கலாம். 2004ல அமிடாங்கற பேர்ல கடைக்கு வந்துச்சு, நெனச்ச அளவு விக்கல, அதுக்குள்ள செல்ஃபோன் விலை விழுந்துடுச்சு. எனக்கென்னமோ அந்தப் பகிர்ந்துக்கற யோசனை இன்னும் பழசாகலன்னுதான் தோணுது.

எங்க அப்பா 1999ல கம்ப்யூட்டர்ல டைப் பண்ணி வச்ச குடும்ப வரலாறு சிடில இருக்கு. திறந்தா இங்கிலீஷ் எழுத்தும் செமிகோலனுமா வருது. அப்பா இப்ப இல்ல. மீட்க முடியுமா?
- வாசகி, ஜீவன்பீமா நகர்

முடியும்மா, கவலைப்படாதீங்க. அப்பா பாமினி ஃபான்ட்ல டைப் பண்ணியிருப்பாரு. அப்ப தமிழுக்குன்னு எல்லாரும் ஒத்துக்கிட்ட குறியீடு புழக்கத்துல இல்ல, யூனிகோடுங்கற உலகப் பொதுக் குறியீட்டுல தமிழ் 1991லயே இருந்தும் கம்ப்யூட்டருங்க அதைக் காட்ட ரொம்ப வருஷம் ஆச்சு. அதனால இங்கிலீஷ் எழுத்து இருக்கற எடத்துல தமிழ் உருவத்தை வரைஞ்சு ஒவ்வொருத்தரும் ஒரு ஃபான்ட் செஞ்சாங்க. ஃபான்ட் இல்லன்னா உள்ள இருக்கற இங்கிலீஷ் எழுத்து அப்படியே பல்லிளிக்கும். 1998 பொங்கலன்னிக்கு ஆரம்பிச்ச மதுரைத் திட்டம் கூட பழைய இலக்கியமெல்லாம் இணையத்துல மொதல்ல திஸ்கிங்கற பழைய தமிழ்க் குறியீட்டுல ஏத்திட்டு அப்புறம் யூனிகோடுக்கு மாத்த வேண்டி வந்துச்சு. மாத்தினதாலதான் இன்னிக்கும் படிக்க முடியுது.

நீங்க மொதல்ல சிடில இருக்கறதை அப்படியே ஹார்ட் டிஸ்க்குக்கு காப்பி எடுங்க, அந்தக் கால சிடி இன்னும் எத்தனை நாள் தாங்கும்னு ஜோசியம் வேண்டாம். அப்புறம் பாமினிலேருந்து யூனிகோடுக்கு மாத்தற கன்வர்ட்டர் இலவசமாவே கெடைக்குது, அதுல ஒட்டி மாத்தி, வேர்டு ஃபைலா வைக்காம வெறும் டெக்ஸ்ட் ஃபைலா சேமிங்க, எந்தக் காலத்து எந்த மெஷின்லயும் திறக்கும். ஒரு காப்பி உங்ககிட்ட, ஒரு காப்பி கூடப் பிறந்தவங்ககிட்ட, பேப்பர்ல ப்ரிண்ட் ஒண்ணு. பென்டிரைவ்ல மட்டும் போட்டு பீரோவுல பூட்டாதீங்க, வருஷக் கணக்குல கரண்டே காணாம கெடந்தா அதுல இருக்கறது மெதுவா அழியும். மாத்தினதும் ஒரு தடவை வரிக்கு வரி கண்ணால ஓட்டுங்க, நடுவுல அப்பா நெஜமாவே இங்கிலீஷ்ல எழுதின கம்பெனி பேர், தெருப் பேர் எல்லாத்தையும் கன்வர்ட்டர் தமிழ்னு நெனச்சு குழப்பி வச்சிருக்கும், அதை மட்டும் பழைய ஃபைலைப் பாத்து கையால திருத்தணும்.