பின்கட்டு அறையில் 5ஜி ஏன் படுத்துவிடுகிறது?

மயிலாடுதுறை பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "போனில் 5ஜி என்று காட்டுகிறது. திண்ணையில் நின்றால் வேகம் 200 எம்பிபிஎஸ் (நொடிக்கு 200 மெகாபிட்), பின்கட்டு அறையில் 8 வருவதே பெரிய பாடு. மகள் அந்த அறையில் உட்கார்ந்துதான் கம்பெனி வேலை பார்க்கிறாள், வீடியோ மீட்டிங் நடுவே முகம் உறைந்து நின்றுவிடுகிறது. போன் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. புது போன் வாங்கினால் சரியாகுமா, இல்லை ஏர்ஃபைபர் மாதிரி ஏதாவது போடலாமா?"

புது போன் வாங்காதீர்கள். திண்ணையில் 200 வருகிறது என்றால் போனில் குறையில்லை, உங்கள் பகுதி டவரிலும் பெரிய குறையில்லை. இடையில் நிற்பது சுவர். ஆனால் 'சுவர்தான் காரணம்' என்று சொல்லி நிறுத்தினால், அதே அறையில் 2ஜி போனில் பேச முடிந்ததே, அப்போது எப்படி என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். 2ஜி என்கிற ஜிஎஸ்எம்மில் ஒரு அலைவரிசையின் அகலம் 200 கிலோஹெர்ட்ஸ்தான், அதை நேரக்கணக்கில் எட்டாகப் பிரித்தார்கள், அதாவது ஒரு பந்திக்கு எட்டே இலை. ஒருவர் போனில் பேசினால் ஒரு இலை போயிற்று. பிறகு ஜிபிஆர்எஸ் வந்தபோது, காலியாக இருக்கும் இலைகளில் மூன்று நான்கை ஒரே ஆளுக்குப் போட்டு இன்டர்நெட் என்றார்கள். போனை டேட்டா கேபிளில் கம்ப்யூட்டரோடு இணைத்து நானும் அதில் குப்பை கொட்டியிருக்கிறேன். நொடிக்கு நாலைந்து கிலோபைட் வரும், யாராவது போன் பண்ணினால் டவுன்லோடு அப்படியே நின்றுவிடும், அந்த ஆளைத் திட்டிக்கொண்டே எடுத்துப் பேச வேண்டும்.

அகலம் கூடினால் பந்தியும் பெரிசு, வேகமும் கூடும். 3ஜியில் அகலம் 5 மெகாஹெர்ட்ஸ் ஆனது, முந்தையதைப் போல 25 மடங்கு. இந்தியாவில் முதலில் அரசு நிறுவனங்கள் கொண்டுவந்தன, 2010 ஏலத்துக்குப் பிறகு தனியாரும் வந்தார்கள். 3ஜியில் தனித்தனி இலை கிடையாது, எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே அலைவரிசையில், ஆளுக்கொரு குறியீட்டை வைத்துப் பிரித்தெடுப்பார்கள். கூட்டம் கூடினால் ஒருவர் சத்தம் இன்னொருவருக்கு இரைச்சல், டவரின் எல்லையே சுருங்கும். கோயில் திருவிழா அன்று முழு சிக்னல் காட்டியும் ஒன்றும் திறக்காமல் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அதற்கு இது ஒரு பெரிய காரணம்.

4ஜி 2012இல் கொல்கத்தாவில் தொடங்கினாலும், நம்மில் பெரும்பாலோர் அதைப் பார்த்தது 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகுதான். அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் வரை. அதைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, இந்தத் துண்டு யாருக்கு என்று டவர் ஒவ்வொரு மில்லி நொடியும் புதிதாக முடிவு செய்கிறது. ஒரு அலைவரிசை போதாவிட்டால் இரண்டு மூன்று அலைவரிசைகளைச் சேர்த்தும் ஒரே போனுக்குக் கொடுக்கலாம். 2022 அக்டோபரில் வந்த 5ஜியில், 3500 மெகாஹெர்ட்ஸ் பக்கம், ஒரே நிறுவனத்துக்கு ஒரே மூச்சில் 100 மெகாஹெர்ட்ஸ் அகலம். உங்கள் திண்ணையில் வரும் 200 அங்கிருந்துதான் வருகிறது என்று தாராளமாகச் சொல்லலாம்.

சரி, பின்கட்டுக்கு வருவோம். அகலமான இடம் மேலே, உயர்ந்த அதிர்வெண்ணில்தான் காலியாகக் கிடந்தது. அதிர்வெண் கூடக் கூட அலைக்குச் சுவர் என்றால் ஆகாது. 2ஜி ஓடியது இதைவிடக் கீழே, அதனால்தான் அதே அறையில் பேச முடிந்தது. சுவரே இல்லாத வெட்டவெளியில்கூட, ஒரே தூரத்தில், ஒரே வகை ஆண்டெனாவில், 700 மெகாஹெர்ட்ஸைவிட 3500இல் 25இல் ஒரு பங்கு சக்திதான் கைக்கு வரும். 5ஜி டவரில் இருக்கும் தட்டையான பெரிய பெட்டிக்குள் நிறைய குட்டி ஆண்டெனாக்கள் உண்டு, அலையை ஆள் இருக்கும் பக்கமாகக் குவித்து இதில் ஒரு பகுதியை அவை ஈடுகட்டிவிடும். ஒன்றரை அடிச் செங்கல் சுவர் இரண்டு குறுக்கே வந்தால் அவையும் என்ன செய்யும்?

சிக்னல் மெலிந்தால் கரண்டியும் சின்னதாகிவிடும், இதை யாரும் சொல்வதில்லை. திண்ணையில் ஒரு தடவை பரிமாறினால் 8 பிட் விழும். பின்கட்டில் அலை கலங்கலாக வருவதால், தப்பில்லாமல் போய்ச் சேர வேண்டுமே என்று டவர் 2 பிட்டாகக் குறைத்துக்கொள்ளும். ஒரே பந்தி, ஒரே இலை, சாப்பாடு மட்டும் கால்வாசி.

அப்புறம் ஏன் 5ஜி என்றே காட்டுகிறது? எந்த சிம் என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் இரண்டையும் சொல்கிறேன். ஜியோவிடம் 3500 தவிர 700 மெகாஹெர்ட்ஸிலும் 5ஜி உண்டு. அது சுவரைத் தாண்டி உள்ளே வரும், ஆனால் அகலம் 10 மெகாஹெர்ட்ஸ்தான், நல்ல 4ஜியே அதைவிட வேகமாக ஓடும். ஏர்டெல் 5ஜியைத் தொடங்கியது 4ஜியின் மேல் ஏற்றி. அந்த முறையில், 'இங்கே 5ஜி கிடைக்கும்' என்று 4ஜி டவர் அறிவித்தாலே சில போன்கள் 5ஜி எழுத்தைக் காட்டிவிடும், டேட்டா வருவதோ 4ஜியில். அந்த எழுத்தை நம்பாதீர்கள் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எண்ணைப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், அபவுட் போன், சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் சிக்னல் டிபிஎம் கணக்கில் இருக்கும், மைனஸில் வரும் எண், பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. ஐபோனில் *3001#12345#* போட்டு அழையுங்கள். மைனஸ் 80 சுற்றி இருந்தால் அருமை, மைனஸ் 100 சமாளிக்கலாம், மைனஸ் 110ஐத் தாண்டினால் அங்கே வீடியோ மீட்டிங்கை மறந்துவிடலாம். போன் எந்த பேண்டில், அதாவது எந்த அதிர்வெண்ணில் இருக்கிறது என்று தெரிய ஆண்ட்ராய்டில் நெட்மான்ஸ்டர் ஆப் போதும்: என்78 என்றால் 3500, என்28 என்றால் 700.

அதே அறையில் போனை 4ஜிக்கு மட்டும் மாற்றி ஒரு தடவை வேகம் பாருங்கள். கூடினால் அப்படியே விட்டுவிடலாம், ஆனால் 'அன்லிமிடெட் 5ஜி' ரீசார்ஜில் 4ஜி ஓடினால் தினசரி டேட்டா கழியும், மத்தியானத்துக்குள் தீர்ந்துவிட்டது என்று என்னைத் திட்டாதீர்கள். இன்னொரு வழி, வீட்டில் சும்மா கிடக்கும் 5ஜி போன் இருந்தால் ஒரு சிம் போட்டு வாசல் ஜன்னலில் சார்ஜரோடு வைத்து ஹாட்ஸ்பாட் போடுங்கள். அந்த வைஃபையும் உங்கள் சுவர்களைத் தாண்டித்தான் ஆக வேண்டும், நடு ரேழியில் ஒரு ரிப்பீட்டர் தேவைப்படலாம்.

மகளின் பிழைப்பே அதில் என்பதால் நிரந்தர வழி வேண்டும். தெருவில் ஃபைபர் ஓடுகிறதா என்று முதலில் விசாரியுங்கள், கேபிள்காரர் மூலமாக வந்தாலும் சரி. ஓடினால் வேறு யோசனையே வேண்டாம். மீட்டிங்கில் முகம் உறைவது பெரும்பாலும் அப்லோடு படுப்பதால். 3500 பேண்டில் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஒரே அலைவரிசையை நேரத்தால் பங்கு போடுகிறார்கள், பெரும்பங்கு இறங்குவதற்கே போகும். போதாததற்கு, உங்கள் போனின் சக்தி டவரோடு ஒப்பிட்டால் அகல்விளக்கு, சுவருக்குள்ளிருந்து அது கத்துவது டவருக்குச் சரியாகக் கேட்காது.

ஃபைபர் இல்லையென்றால் ஏர்ஃபைபர் போடுங்கள், பெயரில்தான் ஃபைபர், வருவது 5ஜி டவரிலிருந்து. 2023இல் வந்த இந்த ஏற்பாட்டில் டவரைப் பார்த்தபடி மொட்டைமாடியில் ஒரு பெட்டி நிற்கும், அங்கிருந்து கேபிள் வீட்டுக்குள் இறங்கும், அதாவது சுவர் தொல்லையே தீர்ந்தது. உள்ளே ஜன்னலோரம் வைக்கும் பெட்டியைத் தலையில் கட்டப் பார்த்தால் உங்கள் வீட்டுக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மாத டேட்டா வரம்பு எவ்வளவு, தாண்டினால் வேகம் என்ன ஆகும் என்று கேளுங்கள்.

ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள், இதுவும் அந்த டவர் பந்திதான், ராத்திரி ஊரே உட்காரும் நேரத்தில் பங்கு குறையும். அதனால் பணம் கட்டுவதற்கு முன் ராத்திரி 9 மணிக்கு அதே சிம் கம்பெனி 5ஜி போனை மாடிக்குக் கொண்டுபோய், டவர் இருக்கும் பக்கம் நின்று, டவுன்லோடு அப்லோடு இரண்டையும் பாருங்கள். அப்லோடு 10க்கு மேல் நிலையாக நின்றால் தைரியமாகப் போடலாம். போடும்போதே ரவுட்டருக்கும் மாடிப் பெட்டிக்கும் சேர்த்து ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கி வையுங்கள், உங்கள் பக்கம் ஐப்பசி கார்த்திகையில் கரண்ட் படும் பாடு எனக்கும் தெரியும்.