8 ஜிபி ரேமில் ஆர்க்கெஸ்ட்ரா அடங்குமா?

கேள்வி: மும்பை ஆன்டாப் ஹில்லில் வசிக்கிறேன். பகலில் அலுவலகம், இரவில் குறும்படங்களுக்கும் பக்திப் பாடல்களுக்கும் இசையமைப்பு. லேப்டாப்பில் 8 ஜிபி ரேம், காலி இடம் 60 ஜிபி. நண்பர்கள் பெரிய ஆர்க்கெஸ்ட்ரா லைப்ரரி (வாத்தியங்களின் ஒலிப்பதிவுத் தொகுப்பு) ஒன்றை வாங்கச் சொல்கிறார்கள். லேசாக ஏதாவது உண்டா? கையில் பத்தாயிரம் ரூபாய் இருக்கிறது.

பதில்: உண்டு. அந்தப் பத்தாயிரத்தை இப்போதைக்கு லைப்ரரியில் போட வேண்டாம்.

லைப்ரரி ஏன் இவ்வளவு பெருக்கிறது என்று ஒரு கணக்குப் போடுவோம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ என்றால் நொடிக்கு 288 கேபி. நான்கு நொடி நீளும் வயலின் ஸ்வரம் ஒன்று, ஒரு எம்பிக்குச் சற்று மேல். இப்படி 20 ஸ்வரங்கள், மென்மையிலிருந்து பலம் வரை நான்கு நிலை, ஒவ்வொன்றும் நான்கு முறை, மூன்று மைக். மொத்தம் 960 பதிவுகள். ஒரே ஒரு வாசிப்பு முறைக்கே ஒரு ஜிபி தாண்டிவிட்டது. லேசான லைப்ரரிகள் கைவைப்பது இங்கேதான். மைக் குறைந்தால் கவலையில்லை. வசனத்துக்கு அடியில் ஓடும் பின்னணியில் அது யாருக்கும் தெரியாது. திரும்பத் திரும்பப் பதிவது குறைந்தால் மாட்டிக்கொள்வீர்கள். ஒரே பதிவு திரும்பத் திரும்ப ஒலித்து, வேகமான ஸ்டக்காட்டோ (வெட்டி வெட்டி வாசிப்பது) தையல் மிஷின் மாதிரி ஓடும்.

முதலில் ஸ்பிட்ஃபயர் ஆடியோவின் 'பிபிசி சிம்பனி ஆர்க்கெஸ்ட்ரா டிஸ்கவர்' இறக்கிப் பாருங்கள். லண்டன் மைடா வேல் ஸ்டுடியோவில் பதிவானது. இதன் அண்ணன் 'புரொஃபெஷனல்' சுமார் 600 ஜிபி. டிஸ்கவர் சுமார் 200 எம்பி, அதுவும் இலவசம். இன்னொன்று சொனாட்டினா சிம்பனிக் ஆர்க்கெஸ்ட்ரா, சுமார் 500 எம்பி, இதுவும் இலவசம். பழசு, சில வாத்தியங்கள் சுமார் ரகம்.

இறக்கிய கையோடு "சவுண்ட் செத்துக் கிடக்கு" என்று எழுதிவிடாதீர்கள். நீளமான ஸ்ட்ரிங்ஸுக்கு (வயலின் குடும்ப வாத்தியங்களுக்கு) உயிர், கீபோர்டின் இடது ஓரத்துச் சக்கரமான மாட்வீலில் இருக்கிறது. வலது கையால் சில ஸ்வரங்களைச் சேர்த்துப் பிடித்து, இடது கையால் வீலை மெல்ல ஏற்றி இறக்கிப் பாருங்கள், அந்த 200 எம்பியே மூச்சுவிடும். சின்ன 25 கட்டைக் கீபோர்டில் வீல் இல்லையென்றால் ஒரு திருகுகுமிழை சிசி 1-க்கு (மாட்வீலின் மிடி எண்) ஒதுக்குங்கள்.

பக்திப் பாடல் என்கிறீர்கள், அதனால் ஒரு எச்சரிக்கை. சாம்பிளில், அதாவது லைப்ரரியில் உள்ள பதிவுகளில், இருப்பது அசையாத ஸ்வரங்கள். ஸ்வரத்தை ஏற்றி இறக்கும் பிட்ச் பெண்டால் கமகம் கொடுத்தால், பதிவிலேயே இருக்கும் வைப்ரேட்டோவும் (ஸ்வர நடுக்கமும்) அறையின் எதிரொலியும் சேர்ந்து வளையும், காதுக்கு ஒட்டாது. கூட்டு ஸ்ட்ரிங்ஸைப் பின்னணிக்கு வைத்துக்கொண்டு, தனி வயலினுக்கு ஆள் கூப்பிடுங்கள். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாசிப்பவர்களுக்குப் பஞ்சமா? ஆள் கிடைக்காவிட்டால் ஆடியோ மாடலிங்கின் 'ஸ்வாம்' போன்றவை உண்டு. அவை பதிவை ஓட்டாமல் ஒலியைக் கணக்கிட்டே உருவாக்குபவை. ரேம் அதிகம் கேட்காது, பிராசஸர் கேட்கும்.

காசு கொடுத்து வாங்கும் நாள் வந்தால், "முழு காண்டாக்ட் தேவை" (காண்டாக்ட் என்பது லைப்ரரியை ஓட்டும் மென்பொருள்) என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். நான் பாராமல் ஒருமுறை தள்ளுபடியில் வாங்கிவிட்டேன். இலவச காண்டாக்ட் பிளேயரில் அது 15 நிமிடம் டெமோவாக ஓடி நின்றது. டவுன்லோடு செய்துவிட்டீர்கள், பணம் திரும்பாது என்று பதில் வந்தது. அதோடு, பில்லில் 18 சதவீத ஐஜிஎஸ்டி சேரலாம், வங்கியும் அந்நியச் செலாவணிக் கட்டணம் பிடிக்கும். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முதலில் ஆன் செய்யுங்கள்.

உங்கள் பத்தாயிரத்துக்கு நல்ல இடம் மும்பையின் கம்ப்யூட்டர் கடைத்தெருவான லேமிங்டன் ரோடு. லேப்டாப்பில் ரேம் மாற்ற முடியுமா என்று பாருங்கள்; சிலவற்றில் போர்டோடு ஒட்டியிருக்கும். முடியாவிட்டால் வெளியே மாட்டும் ஒரு எஸ்எஸ்டி. காண்டாக்ட் ஒவ்வொரு சாம்பிளின் தொடக்கத்தை மட்டும் ரேமில் வைத்துக்கொண்டு மிச்சத்தை டிஸ்கிலிருந்து எடுக்கும். டிஸ்க் வேகமாக இருந்தால் ரேமில் வைக்கும் அளவைக் குறைக்கலாம். அப்புறம், முடிந்த டிராக்கை ஃப்ரீஸ் செய்யும் (தற்காலிகமாக ஆடியோவாக மாற்றி வைக்கும்) பழக்கம் வேண்டும். இதற்குச் செலவே இல்லை.

கேள்வி: வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் தன் லைப்ரரி லைசென்ஸைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: பல நிறுவனங்கள் லைசென்ஸைக் கை மாற்ற விடுவதில்லை. விடுகிற நிறுவனமானால், மாற்றம் அவர்கள் வழியாக நடந்து உங்கள் பெயரில் மெயில் வரட்டும், பிறகு பணம் கொடுங்கள். பாஸ்வேர்டை மட்டும் தருகிறேன் என்றால் வேண்டவே வேண்டாம்.