நிஃபெடிபின் கொடுத்தும் இபிஎஸ்பி குறையவில்லை – மருந்து கெட்டுவிட்டதா?

மருந்தில் குறை இருக்க வேண்டியதில்லை. எலி மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதித் துண்டில் இபிஎஸ்பி (சமிக்ஞையைப் பெறும் நரம்புச் செல்லில் எழும் கிளர்ச்சி மின்மாற்றம்) அப்படியே நிற்கத்தான் செய்யும்.

நிஃபெடிபின் அடைப்பது, கால்சியத்தைச் செல்லுக்குள் விடும் வாயில்களில் ஒரு வகையான எல்-வகை கால்சியம் கால்வாய்களை. அவை பெரும்பாலும் செல் உடலிலும், சமிக்ஞையைப் பெறும் கிளைகளான டென்ட்ரைட்டிலும் இருப்பவை. மரபணுக்களைத் தூண்டும் வேலையில் அவற்றுக்குப் பங்கு அதிகம். சமிக்ஞையை அனுப்பும் இழையான ஆக்ஸானின் முனையில் மின்துடிப்பு வந்ததும் திறந்து, குளுட்டமேட் என்ற சமிக்ஞை வேதிப்பொருளை வெளியேற்ற வைப்பவை பி/கியூ-வகையும் என்-வகையும். குளுட்டமேட் நிரம்பிய நுண்பைகளான வெசிகிள்களை ஒட்டியே அவை இருப்பதால்தான் ஒரு மில்லிசெகண்டுக்குள் வெளியீடு தொடங்கிவிடுகிறது. அழகான ஏற்பாடு!

இப்படிச் சோதியுங்கள்:

1. முதலில் 100 மைக்ரோமோலார் காட்மியம், இது மேலே சொன்ன எல்லா வகைகளையும் அடைக்கும். கரைசலில் ஃபாஸ்பேட் வேண்டாம், படிந்துவிடும். இபிஎஸ்பி மறைந்தால் உங்கள் அமைப்பு சரி.

2. புதிய துண்டில் ஒமேகா-கோனோடாக்ஸின் ஜிவிஐஏ என்ற நச்சு, அது என்-வகையை அடைக்க. அதன் மேலேயே பி/கியூ-வகைக்கு ஒமேகா-அகடாக்ஸின் ஐவிஏ என்ற நச்சு. இவை பிளாஸ்டிக் குழாயில் ஒட்டிக்கொள்ளும், கொஞ்சம் பிஎஸ்ஏ (மாட்டு இரத்தப் புரதம்) சேருங்கள்.

இரண்டு நச்சுகளையும் தனித்தனியே கொடுத்து வரும் குறைவுகளைக் கூட்டினால் 100%-ஐத் தாண்டலாம், பதறாதீர்கள். வெளியீடு கால்சியத்துக்கு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. தவளையின் நரம்பு-தசைச் சந்திப்பில் அது ஏறக்குறைய கால்சியம் அளவின் நான்காம் அடுக்காக ஏறுகிறது என்று டாட்ஜும் ரஹமிமோஃபும் 1967இல் காட்டினார்கள்.

விழித்திரையின் ஒளியுணர் செல்கள், உட்செவியின் மயிர்ச் செல்கள் ஆகியவற்றுக்கு இந்த விடை பொருந்தாது. அங்கே வெளியீட்டை நடத்துவது எல்-வகையேதான்.