வின்டோஸ் மாறியது, பில் போட முடியவில்லை: கேள்வி-பதில்

அப்டேட்டுக்குப் பிறகு ஏதோ ஒன்று நிறுவ மறுக்கிறது என்று எழுதுபவர்கள் பெரும்பாலும் கணினி பழுதாகிவிட்டது என்றே முடிவு கட்டிவிடுகிறார்கள். பழுது இருப்பது அரிது. வின்டோஸ் தனக்கு வேண்டிய கோப்பை எந்த இடத்தில் தேடுகிறது, அந்த இடத்தில் அது இருக்கிறதா என்று பார்த்தால் பாதி விடை வந்துவிடும். ஆகவே கேள்வி அனுப்பும்போது திரையில் தெரியும் பிழை எண்ணை முழுமையாக எழுதுங்கள். "எரர் வருகிறது" என்பது மட்டும் போதாது.

கீழே வரும் கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் தந்திருக்கிறோம். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். கொமாண்ட் புரொம்ப்டை வலது கிளிக் செய்து, அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்திருக்க வேண்டும்.

கேள்வி: புறக்கோட்டையில் மொத்த வியாபாரக் கடை. பில்லிங் மென்பொருள் பழையது. லப்டொப்பை வின்டோஸ் 11க்கு மாற்றிய பிறகு டொட் நெட் 3.5 (பழைய மென்பொருள்கள் ஓடத் தேவையான மைக்ரோசொஃப்ட் துணைப் பொதி) கேட்கிறது. "டவுன்லோட்" கொடுத்தால் 0எக்ஸ்800எஃப்0954 என்று நிற்கிறது. செகண்ட் ஹேண்டாக வாங்கிய லப்டொப், இன்டர்நெட் நன்றாக வேலை செய்கிறது.

பதில்: செகண்ட் ஹேண்ட் என்று எழுதினீர்களே, துப்பு அதில்தான் இருக்கிறது. 0954 என்று முடியும் எண், வின்டோஸ் நேரே மைக்ரோசொஃப்டிடம் போகாமல், ஒரு நிறுவனத்தின் உள் அப்டேட் சேர்வரிடம் போய்த் தேடுகிறது என்பதற்கு அடையாளம். அந்தச் சேர்வரை டபிள்யூஎஸ்யூஎஸ் என்பார்கள். முன்பு அந்த லப்டொப் ஏதோ ஒரு அலுவலகத்தில் இருந்திருக்கும். அலுவலகம் போய்விட்டது, அதன் கட்டளை மட்டும் ரெஜிஸ்ட்ரியில் (வின்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) தங்கிவிட்டது. செட்டிங்ஸில் வின்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்து பாருங்கள். சில அமைப்புகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்ற வரி அங்கே இருந்தால் சந்தேகமே வேண்டாம். "வேகமாக்கும்" இலவச மென்பொருள்களும் இதே வேலையைச் செய்துவிட்டுப் போவதுண்டு.

புரோ பதிப்பு என்றால் ஜிபிஎடிட் (பொலிசி அமைப்புகளை மாற்றும் கருவி) திறந்து, கம்பியூட்டர் கொன்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், சிஸ்டம் என்று உள்ளே போங்கள். "ஒப்ஷனல் கொம்பொனன்ட் இன்ஸ்டலேஷன், கொம்பொனன்ட் ரிப்பேர்" பற்றிய ஒரு பொலிசி வலப்பக்கம் இருக்கும். அதை எனேபிள் செய்து, டபிள்யூஎஸ்யூஎஸ்ஸுக்குப் பதிலாக நேரே வின்டோஸ் அப்டேட்டில் இருந்து எடு என்ற கட்டத்தில் சரி போடுங்கள். பின்னர் ஜிபிஅப்டேட் /ஃபோர்ஸ் கட்டளை. ஹோம் பதிப்பில் ஜிபிஎடிட் கிடையாது. ரெஜிஸ்ட்ரியில் எச்கே லோக்கல் மெஷின், சொஃப்ட்வெயார், பொலிசிஸ், மைக்ரோசொஃப்ட், வின்டோஸ், வின்டோஸ்அப்டேட், ஏயூ என்று இறங்கினால் யூஸ்டபிள்யூயூசேர்வர் என்ற மதிப்பு 1 ஆக இருக்கும். அதை 0 ஆக்கி, சேர்விசஸ் பட்டியலில் வின்டோஸ் அப்டேட்டை மறுதொடக்கம் செய்யுங்கள். பிறகு கொன்ட்ரோல் பனலில் வின்டோஸ் ஃபீச்சர்ஸ் திறந்து 3.5ஐத் தெரிவு செய்தால் ஏறிவிடும். இன்னமும் ஒரு அலுவலகத்துக்குச் சொந்தமான கணினி என்றால் இதைத் தொடாதீர்கள், ஐடி பிரிவைக் கேளுங்கள்.

2008 காலத்து 3.5 முழு நிறுவியைத் தேடி இறக்கவும் வேண்டாம். 200 எம்பிக்கு மேல் டேட்டா போகும், ஓடவிட்டால் இதே ஃபீச்சர் பெட்டியைத்தான் அது திறந்து காட்டும். 4.8 இருந்தால் போதாதா என்றும் சிலர் கேட்கிறார்கள். போதாது. 3.5க்குள் 2.0, 3.0 இரண்டும் அடங்கும். 4 வரிசை தனிக் குடும்பம், இரண்டும் ஒரே கணினியில் சண்டையில்லாமல் இருக்கும். 3.5க்கு மைக்ரோசொஃப்டின் ஆதரவு 2029 ஜனவரி 9 வரை என்பதால், பில்லிங் மென்பொருள் எழுதியவரிடம் புதிய பதிப்பைப் பற்றி இப்போதே கேட்டு வையுங்கள்.

கேள்வி: அதே டொட் நெட் 3.5தான். டேட்டா குறைவு என்பதால் நண்பரின் வின்டோஸ் ஐஎஸ்ஓவிலிருந்து (நிறுவல் டிஸ்க்கின் முழு நகல் கோப்பு) போட்டேன். 0எக்ஸ்800எஃப்081எஃப் வருகிறது.

பதில்: 081எஃப் என்றால், காட்டிய இடத்தில் பொருத்தமான கோப்பு இல்லை. நண்பரின் ஐஎஸ்ஓ வேறு பதிப்பாக இருக்கும். வின்வெர் என்று தட்டினால் உங்கள் பதிப்பு தெரியும். 23எச்2 கணினிக்கு 23எச்2 ஐஎஸ்ஓதான் வேண்டும். உண்மையில் தேவைப்படுவது ஐஎஸ்ஓவுக்குள் சோர்சஸ், எஸ்எக்ஸ்எஸ் கோப்புறையில் இருக்கும் நெட்எஃப்எக்ஸ்3 என்ற பெயர் கொண்ட கேப் கோப்பு மட்டுமே, சுமார் 70 எம்பி. பதிப்பு ஒன்றாக இருந்தால் நண்பரிடமிருந்து அந்தக் கோப்புறையை மட்டும் பென் டிரைவில் வாங்கலாம். ஐந்தாறு ஜிபி இறக்கத் தேவையில்லை.

ஐஎஸ்ஓ ஈ டிரைவாகத் திறந்திருந்தால் கட்டளை இது: டிஸ்ம் /ஒன்லைன் /எனேபிள்-ஃபீச்சர் /ஃபீச்சர்நேம்:நெட்எஃப்எக்ஸ்3 /ஓல் /லிமிட்அக்சஸ் /சோர்ஸ்:ஈ:\சோர்சஸ்\எஸ்எக்ஸ்எஸ். ஒவ்வொரு சாய்கோட்டுக்கும் முன் ஒரு இடைவெளி, சோர்ஸுக்குப் பின்னால் இடைவெளி இல்லை. ஏறிய பிறகு வின்டோஸ் அப்டேட்டை ஒருமுறை ஓடவிடுங்கள், ஐஎஸ்ஓவில் இருப்பது திருத்தம் ஏறாத பழைய கோப்பு.

கேள்வி: விஷுவல் சி++ (பல மென்பொருள்கள் ஓடத் தேவையான மைக்ரோசொஃப்ட் துணைப் பொதி) நிறுவினால் 0எக்ஸ்80070666. வேறொரு மென்பொருளோ விசிரன்டைம்140 என்ற டிஎல்எல் (துணைக் கோப்பு) இல்லை என்கிறது. அந்த டிஎல்எல்லை மட்டும் ஒரு தளத்திலிருந்து இறக்கிப் போடலாமா?

பதில்: வேண்டாம். டிஎல்எல்லைத் தனியாக விநியோகிக்கும் தளங்கள் எதுவும் நம்பத்தக்கவை அல்ல. 0666 என்பது தோல்வியே அல்ல, இதைவிடப் புதிய பதிப்பு ஏற்கனவே இருக்கிறது என்ற செய்தி. 2015 முதல் 2022 வரை எல்லாம் ஒரே பொதி, புதியது பழையதையும் பார்த்துக்கொள்ளும். அப்படியென்றால் ஏன் டிஎல்எல் இல்லை என்கிறது? 64 பிட் மட்டும் இருக்கிறது, மென்பொருளோ 32 பிட். மைக்ரோசொஃப்ட் தளத்தில் எக்ஸ்86 (32 பிட்), எக்ஸ்64 (64 பிட்) என்று இரண்டு கோப்புகள் உண்டு. இரண்டையும் போடுங்கள். 64 பிட் வின்டோஸுக்கும் இரண்டும் தேவை.

கேள்வி: வெள்ளவத்தையில் டைப்செட்டிங் செய்கிறோம். வின்டோஸ் 11க்குப் பிறகு லதா எழுத்துரு இல்லை. பழைய கோப்புகளில் பக்கங்கள் தள்ளிப்போகின்றன. சில கோப்புகளில் தமிழே இல்லை, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிகிறது.

பதில்: இவை இரண்டு வேறு நோய்கள்.

முதலாவது, வின்டோஸ் 10 வந்தபோதே லதா, விஜயா எழுத்துருக்கள் அடிப்படை நிறுவலில் இருந்து எடுக்கப்பட்டு, தமிழ் சப்ளிமென்டல் ஃபொன்ட்ஸ் என்ற விருப்பப் பொதிக்குள் போய்விட்டன. லதா இல்லாத இடத்தில் வின்டோஸ் நிர்மலா எழுத்துருவைப் போடுகிறது. இரண்டின் எழுத்து அகலமும் வேறு, ஆகவே வரி உடைகிறது, பக்கம் தள்ளுகிறது. செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் ஒப்ஷனல் ஃபீச்சர்ஸ் (பழைய பதிப்புகளில் அப்ஸ் என்ற பகுதியின் கீழ்), தேடும் பெட்டியில் தமிழ் என்பதை ஆங்கிலத்தில் தட்டிச் சேருங்கள். தமிழை மொழியாகச் சேர்த்தாலும் இந்தப் பொதி தானாக வரும். இங்கேயும் 0954 வந்தால் முதல் பதிலைப் பாருங்கள், காரணம் அதுவேதான். சேர்ந்த பிறகு வேர்டை முழுதாக மூடித் திறக்கவேண்டும்.

இரண்டாவது, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் தெரிவது பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பு. பாமினி யூனிகோட் (எல்லாக் கணினிகளிலும் தமிழாகவே தெரியும் எழுத்து முறை) அல்ல, அந்த எழுத்துரு கணினியில் இல்லாவிட்டால் அடியில் இருக்கும் ஆங்கிலக் குறிகள் அப்படியே தெரியும். எழுத்துருவை மீண்டும் போடுங்கள், ஆனால் சும்மா "இன்ஸ்டோல்" கொடுக்காதீர்கள். வலது கிளிக்கில் எல்லாப் பயனர்களுக்கும் நிறுவு என்பதைத் தெரிவு செய்யுங்கள். வின்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து சாதாரண நிறுவல் எழுத்துருவை அந்தப் பயனரின் கோப்புறைக்குள் மட்டும் வைக்கிறது. வேர்டுக்கு அது தெரியும், பேஜ்மேக்கர் போன்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள்களுக்குத் தெரியாது. எழுத்துரு இருக்கிறது, பட்டியலில் காணோம் என்று எழுதுபவர்களுக்கும் பதில் இதுதான். புதிய வேலைகளையாவது யூனிகோடில் தொடங்குங்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் அச்சகங்கள் கேட்கப்போவதில்லை, தெரியும்.

கேள்வி: செட்டியார் தெருவில் நகைக்கடை. எப்சன் எல்கியூ-310 டொட் மெட்ரிக்ஸ் பிரின்டர் ஒரு வின்டோஸ் 10 கணினியில் யுஎஸ்பியில் இருக்கிறது. புதிய வின்டோஸ் 11 கணினியில் நெட்வேர்க் வழியாகச் சேர்த்தால் ஒருநாள் 0000011பி, இன்னொருநாள் 00000709.

பதில்: 2021இல் பிரின்ட் நைட்மேர் என்ற ஓட்டை வெளியான பிறகு, வின்டோஸில் பிரின்டர் பகிரும் வழி பல முறை இறுக்கப்பட்டது. 011பி அந்த ஆண்டு செப்டெம்பர் அப்டேட்டோடு பரவலானது, இரு கணினிகளும் ஒரே பாதுகாப்பு மட்டத்தில் இல்லாதபோது வரும். 0709 பெரும்பாலும் வின்டோஸ் 11இன் 22எச்2 முதல் தொடர்பு முறை மாறியதால் வருவது. 011பிக்கு ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைப் போட்டு பாதுகாப்பைத் தளர்த்தும் வழி யூடியூபில் நிறையவே உண்டு. வேலை செய்யும், ஆனால் மூடிய ஓட்டையைத் திரும்பத் திறக்கிறீர்கள். கடைக் கணக்கு இருக்கும் கணினியில் அது தேவையில்லை.

சுத்தமான வழி இது. முதலில் இரு கணினிகளிலும் அப்டேட்டை முடியுங்கள். வின்டோஸ் 11 கணினியில் எப்சன் தளத்து டிரைவரை முன்கூட்டியே நிறுவுங்கள். பிறகு பிரின்டர் சேர்க்கும்போது நெட்வேர்க் பிரின்டர் என்று போகாமல் லோக்கல் பிரின்டர், புதிய போர்ட், லோக்கல் போர்ட் என்று போய், போர்ட் பெயராக இரண்டு பின்சாய்கோடு, பழைய கணினியின் பெயர், ஒரு பின்சாய்கோடு, பகிர்ந்த பெயர் என்று கொடுங்கள். பகிர்ந்த பெயரில் இடைவெளி இல்லாமல் எல்கியூ310 என்று வைத்தால் தலைவலி குறைவு. டிரைவர் இந்தக் கணினியிலேயே இருப்பதால், இறுக்கப்பட்ட அந்த வழியைத் தொடாமலே அச்சு போகும்.

கவனிக்க வேண்டியவை மூன்று. வின்டோஸ் 11இன் 24எச்2 புரோவில் கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவு தடுக்கப்பட்டிருக்கிறது. பழைய கணினியில் கடவுச்சொல்லோடு ஒரு பயனரை உருவாக்கி, அதைப் புதிய கணினியின் கிரெடென்ஷியல் மனேஜரில் சேமியுங்கள். அடுத்தது, பிரின்டர்ஸ் பக்கத்தில் வின்டோஸ் புரொடெக்டட் பிரின்ட் மோட் ஓனாக இருந்தால் எந்த டொட் மெட்ரிக்ஸும் ஓடாது, தயாரிப்பாளர் டிரைவர்களையே அது நீக்கிவிடும். ஓஃப் செய்யுங்கள். கடைசியாக, 9.5க்கு 5.5 அங்குல பில் தாள் அளவு புதிய கணினியில் இருக்காது. பிரின்ட் சேர்வர் புரொப்பர்ட்டீஸில் புதிய ஃபோர்ம் ஒன்றைச் செய்து பெயர் வையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு முழுத் தாள் வெளியே வரும்.

கேள்வி: 24எச்2 வந்தபின் கணக்கு மென்பொருள் "லைசன்ஸ் இல்லை" என்கிறது. கணினி அதேதான்.

பதில்: பல பழைய மென்பொருள்கள் மதர்போட் எண்ணை டபிள்யூஎம்ஐசி என்ற கருவி வழியாக வாசித்துத்தான் லைசன்ஸைச் சரிபார்க்கின்றன. 24எச்2இல் அது இயல்பாக இல்லை. ஒப்ஷனல் ஃபீச்சர்ஸில் அதே பெயரில் தேடிச் சேருங்கள். பின்வரும் பதிப்புகளில் அது மேலும் ஒதுக்கப்படுகிறது, எனவே இது தற்காலிகத் தீர்வுதான்.

கேள்வி: அப்டேட் ஓடும்போது கரண்ட் போய்விட்டது. இப்போது எதை நிறுவினாலும் 0எக்ஸ்80073712.

பதில்: மேலே பார்த்த மற்றவற்றில் கணினி பழுதில்லை, இது உண்மையான பழுது. வின்டோஸின் பாகக் களஞ்சியம் சிதைந்திருக்கிறது. முதலில் டிஸ்ம் /ஒன்லைன் /கிளீன்அப்-இமேஜ் /ரிஸ்டோர்ஹெல்த். 62.3 சதவீதத்தில் நெடுநேரம் நிற்கலாம், மூடிவிடாதீர்கள். முடிந்தபின் எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ். வரிசை முக்கியம்: எஸ்எஃப்சி களஞ்சியத்திலிருந்துதான் நல்ல கோப்பை எடுக்கிறது, களஞ்சியமே கெட்டிருக்கையில் அதை முதலில் ஓட்டிப் பயனில்லை.

டிஸ்மே தோற்றால், வின்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், ரிக்கவரியில் வின்டோஸ் அப்டேட் மூலம் சரிசெய் என்ற பொத்தான் இருக்கும். கோப்புகளும் மென்பொருள்களும் அப்படியே இருக்க, வின்டோஸ் மட்டும் மீண்டும் ஏறும். சில ஜிபி போகும், இரவு நேர டேட்டா உள்ளவர்கள் அதில் ஓட்டுங்கள். ஐஎஸ்ஓவிலிருந்து செட்டப் ஓட்டுவதென்றால் மொழியைக் கவனியுங்கள். கணினியில் இருப்பது இங்கிலிஷ் இன்டர்நஷனல், ஐஎஸ்ஓ அமெரிக்க இங்கிலிஷ் என்றால், மென்பொருள்களை வைத்திரு என்ற தெரிவு மங்கிவிடும். அந்த நிலையில் "நெக்ஸ்ட்" அழுத்தினால் பில்லிங் மென்பொருளும் போய்விடும்.

2025 பெப்ரவரி 9 மாதிரி நாடே இருளும் நாள் எப்போதோ வருவது. தெருமுனை டிரான்ஸ்ஃபோர்மர் போவது அடிக்கடி நடப்பது. டெஸ்க்டொப்புக்குச் சிறிய யுபிஎஸ் இருந்தால் அது அப்டேட்டை முடித்துத் தராது, அடுத்த அப்டேட்டைத் தொடங்காமல் அணைக்க நேரம் தரும், அவ்வளவுதான்.

கேள்வி: வின்டோஸ் 10, கேபி5034441 என்ற அப்டேட் மட்டும் 0எக்ஸ்80070643 என்று ஏறவே இல்லை. மற்றதெல்லாம் சரி.

பதில்: 2024 ஜனவரியில் வந்த, ரிக்கவரி பகுதிக்கான (வின்டோஸ் கெட்டால் மீட்கப் பயன்படும் தனிப் பார்ட்டிஷன்) அப்டேட் அது. அந்தப் பார்ட்டிஷனில் 250 எம்பி காலி இடம் கேட்கும், பல கணினிகளில் அவ்வளவு இல்லை. வின்டோஸ் இருக்கும் பார்ட்டிஷனைச் சுருக்கி இடம் எடுக்கும் வழியை மைக்ரோசொஃப்டே வெளியிட்டிருந்தது, பேக்கப் இல்லாதவர்கள் அதில் கைவைக்கவேண்டாம். ரிக்கவரி பகுதியைப் பயன்படுத்தாதவர், பிட்லொக்கர் (டிஸ்கைப் பூட்டும் குறியாக்கம்) இல்லாதவர் என்றால் அந்த ஒரு வரியைச் சிவப்பாகவே விட்டுவிடலாம். வின்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டில் நீங்கள் சேர்ந்துவிட்டீர்களா என்று முதலில் பாருங்கள்.