ஸ்லிங்கில் குழந்தை சுருண்டுவிடுகிறதே, பரவாயில்லையா?

கேள்வி: பிறந்து ஏழு வாரமான மகனை வளையம் வைத்த துணி ஸ்லிங்கில், அதாவது தோளில் மாட்டிக் குழந்தையை உடம்போடு சேர்த்துச் சுமக்கும் துணியில், தூக்குகிறேன். உள்ளே இறங்கி வளைந்து படுத்துவிடுகிறான். முகவாய் மார்பில் இடிக்கிறது, முகமும் துணிக்குள் போய்விடுகிறது. கால் மணி நேரத்தில் எனக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறது. விற்றவரிடம் கேட்டால், "கருப்பையில் இருந்த அதே நிலைதான், நல்லது" என்கிறார். உண்மையா? ஸ்லிங்கில் வைத்தபடியே பால் கொடுக்கலாமா, வேலை பார்க்கலாமா?

பதில்: உண்மை இல்லை. அப்படிப் படுக்க வைத்துத் தூக்குவதை இன்றே நிறுத்துங்கள். ஸ்லிங்கைத் தூக்கிப் போட வேண்டாம், கட்டும் விதத்தை மாற்றினால் போதும். அவன் சுருள்வதும் உங்கள் இடுப்பு வலியும் தனித்தனிக் கோளாறுகள் அல்ல. துணி தளர்வாக இருக்கிறது, குழந்தை கீழே தொங்குகிறான். இரண்டும் அதனால்தான் வருகின்றன.

விற்றவர் சொன்னதை முதலில் முடித்துவிடுவோம். கருப்பைக்குள் குழந்தை மூக்கால் மூச்சு விடுவதில்லை, ஆக்சிஜன் தொப்புள்கொடி வழியாக வருகிறது. அங்கே முகவாய் எங்கே இடித்தால் என்ன? வெளியே வந்த பிறகு கதை வேறு. தலை கனம், கழுத்துக்குப் பலம் போதாது, மூச்சுக்குழாய் மெல்லியது. முகவாய் மார்பில் அழுந்தினால் காற்று போகும் வழி மடங்கிவிடும். மூச்சு முட்டினால் அழுவான், திமிறுவான் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். அழுவதற்கும் மூச்சு வேண்டுமே! சத்தமே இல்லாமல் நடந்துவிடும். துணியோ உங்கள் உடம்போ மூக்கையும் வாயையும் சேர்த்து அடைத்தாலும் இதே ஆபத்துதான். இந்த வயதில் தலையைத் திருப்பித் தப்பிக்கத் தெரியாது. ஓரிரு நிமிடம் போதும்.

இதெல்லாம் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2010 மார்ச்சிலேயே எச்சரித்தது. அதற்கு முந்தைய 20 ஆண்டுகளில் ஸ்லிங் தொடர்பாக அவர்கள் ஆராய்ந்த மரணங்கள் 14. அவற்றில் 12 பேர் நான்கு மாதம்கூட நிரம்பாதவர்கள். கட்டாயத் தரவிதியை ஒப்புக்கொள்ள அதே ஆணையத்துக்கு 2017 வரை ஆயிற்று. ஏழு ஆண்டு! அதற்குள் எத்தனை கடைகள் 'பிறந்த நாள் முதலே' என்று பெட்டியில் அச்சடித்து விற்றிருக்கும்?

சரி, கட்டும் முறைக்கு வருவோம். முதல் சில தடவை கட்டில் மேல் குனிந்தபடியோ உட்கார்ந்தபடியோ பழகுங்கள். குழந்தையை நிமிர்த்தி, உங்கள் நெஞ்சோடு நெஞ்சாக வையுங்கள். படுக்க வைக்க வேண்டாம். துணியை ஒரு முழங்கால் மடிப்பிலிருந்து மறு முழங்கால் மடிப்பு வரை விரியுங்கள். முழங்கால்கள் பிட்டத்தைவிடச் சற்று மேலே இருக்க வேண்டும், அப்போதுதான் சறுக்கி இறங்க மாட்டான். துணியின் மேல் விளிம்பு பிடரி வரை வரலாம், தலையை மூடக் கூடாது.

பெரும்பாலானவர்கள் தவறுவது இறுக்குவதில்தான். வளையத்திலிருந்து வெளியே தொங்கும் வால் துணி முழுவதையும் ஒரே பிடியாகப் பிடித்து இழுப்பார்கள். நடுப்பகுதி இறுகும், ஓரங்கள் தொங்கும். மேல் விளிம்பைத் தனியாக, நடுவைத் தனியாக, கீழ் விளிம்பைத் தனியாகப் பிடித்து, வளையத்தின் வழியே கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். ஒவ்வொரு இழுப்பின்போதும் மறு கையால் குழந்தையின் எடையைத் தாங்கிக்கொண்டால் துணி எளிதாக நகரும். முடிந்ததும் ஒரு கையால் அவன் முதுகைப் பிடித்துக்கொண்டு லேசாக முன்னால் குனிந்து பாருங்கள். உங்கள் நெஞ்சை விட்டு விலகினால் இன்னும் இறுக்க வேண்டும். இறுக்கினால் குழந்தைக்கு வலிக்கும் என்று பயப்படாதீர்கள், தளர்வுதான் ஆபத்து.

அப்புறம் மூன்றே மூன்று பார்வை. தலையைத் தாழ்த்தினால் அவன் உச்சியில் முத்தமிட முடிகிறதா? முகம் முழுசாகக் கண்ணில் படுகிறதா? முகவாய்க்கும் மார்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிறதா? இதைக் கட்டியவுடன் ஒரு தடவை பார்த்தால் போதாது. தூங்கிவிட்டால் தலை சாயும், திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்.

இடுப்பு வலிக்கும் இப்படி நெஞ்சோடு இறுக்கிக் கட்டுவதுதான் மருந்து. நிறைந்த பையைக் கையை நீட்டிப் பிடிப்பதும் நெஞ்சோடு அணைத்துப் பிடிப்பதும் ஒன்றா? எடை அதேதான், இடுப்பு படும் பாடு வேறு. தோளில் வரும் துணி கயிறாகத் திரளாமல் முதுகு வரை பரவியிருக்கட்டும். ஒவ்வொரு முறையும் தோளை மாற்றுங்கள்.

பால் கொடுப்பது பற்றிக் கேட்டீர்கள். கொடுக்கலாம், ஆனால் இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஒரு விதிவிலக்கைச் சாக்காக வைத்துத்தான் படுக்க வைக்கும் பழக்கம் திரும்ப வருகிறது. பாலுக்காக வளையத்தைத் தளர்த்திக் குழந்தையைக் கீழே இறக்குகிறீர்கள். அந்த நேரம் முழுவதும் உங்கள் கண் அவன் மேல் இருக்க வேண்டும், ஒரு கை அவன் தலையைத் தாங்க வேண்டும். மூக்கு துணியிலோ மார்பிலோ புதைகிறதா என்று பாருங்கள். குடித்தபடியே தூங்கிவிடுவான், அதுதான் ஆபத்தான கட்டம். "பாவம், எழுப்ப வேண்டாம்" என்று அப்படியே விடாதீர்கள். பால் முடிந்த உடனே மேலே தூக்கி, நிமிர்த்தி, மறுபடி இறுக்குங்கள். எழுந்தாலும் பரவாயில்லை. கட்டுவதே இன்னும் கைக்குப் பழகவில்லை என்றால் ஸ்லிங்கைக் கழற்றிவிட்டுப் பால் கொடுங்கள். குறைமாதக் குழந்தை, எடை குறைந்த குழந்தை, மூச்சுக் கோளாறு உள்ள குழந்தை என்றால் ஸ்லிங்குக்கு முன் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

விற்பனையாளர்கள் விஷயத்தில் எனக்குப் பொறுமை குறைவு, மன்னியுங்கள். ஆலோசகர் என்று பெயர் போட்டுக்கொண்டு கடைசியில் தன் கையிருப்பையே தள்ளிவிடுபவர்கள் இருக்கிறார்கள். பிரபல ஸ்லிங்கின் போலியை அசல் மாதிரியே விற்பவர்களும் உண்டு. வாங்கும்போது லேபிளைப் பாருங்கள். எத்தனை கிலோ முதல் எத்தனை கிலோ வரை, யார் தயாரித்தது, மூச்சுத்திணறல் எச்சரிக்கை, இவை எதுவுமே இல்லையென்றால் வேண்டாம். வளையத்தில் ஒட்டு வைத்த கோடு தெரியக் கூடாது. கைவினைக் கடை வளையம் எடை தாங்குவதற்கென்று செய்ததல்ல. தையல் பிரிந்திருக்கிறதா, துணி நைந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறை கட்டும்போதும் தடவிப் பாருங்கள். 'எர்கோனாமிக்' (உடலுக்கு ஏற்ற வடிவமைப்பு) என்ற சொல்லைப் பெட்டியில் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

வேலை பார்ப்பதா? நடக்கலாம், துணி மடிக்கலாம். எதையாவது எடுக்க வேண்டுமென்றால் இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கி இறங்குங்கள். அடுப்பு, சூடான பானம், ஏணி, சைக்கிள் எதுவும் கூடாது. காரில் குழந்தைக்குத் தனி இருக்கைதான், ஸ்லிங் அதற்கு மாற்று இல்லை. பல பெட்டிகளின் படத்தில் ஒரு அம்மா குழந்தையைக் கட்டிக்கொண்டு, கையில் ஆவி பறக்கும் கோப்பையோடு சிரிக்கிறார். அந்தப் படத்தை யார் அனுமதித்தார்களோ!